டாக்டர் அங்கே... நோயாளி இங்கே! கை சொன்னபடி கேட்குமா?

தொப்பம்பட்டிப் பக்கம் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கிணற்று மேட்டில் ஒருவர் மோட்டாரைப் போடுவார். வாய்க்கால் கோடியில் ஒருவர் மண்வெட்டியோடு நிற்பார். பாத்தி நிறைந்ததும், 'நிறுத்துப்பா!' என்று குரல் கொடுப்பார். மோட்டார் நின்றுவிடும். ஆனால் ஏற்கெனவே கிளம்பிய தண்ணீர் நிற்குமா? அது வந்து வரப்பை உடைத்துக்கொண்டு போகும்.

வரப்பு உடைந்தால் ஒரு கூடை மண்ணைப் போட்டு அடைக்கலாம். ரத்தக் குழாய் உடைந்தால்?

தொலைதூர ரோபோ ஆபரேஷனில் பெரிய சிக்கலே இந்தத் தாமதம்தான். டாக்டர் ஓர் ஊரில் திரையைப் பார்த்தபடி கைப்பிடிகளை அசைப்பார். அந்த அசைவு கம்பி வழியாகப் போய், நோயாளி அருகே இருக்கும் ரோபோவின் கையை அசைக்கும். அந்தக் காட்சி திரும்பி டாக்டரிடம் வரும். போக ஒரு தாமதம், வர ஒரு தாமதம்!

தூரமா எதிரி?

2001 செப்டம்பர் 7 அன்று, நியூயார்க்கில் இருந்தபடி டாக்டர் ஜாக் மாரெஸ்கோ, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருந்த 68 வயதுப் பெண்மணியின் பித்தப்பையை அகற்றினார். நடுவில் அட்லாண்டிக் கடல்! தாமதம் சராசரி 155 மில்லி செகண்ட். (ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லி செகண்ட்.) நம் நாட்டில் 2018 டிசம்பரில் டாக்டர் தேஜஸ் படேல், காந்திநகர் அக்ஷர்தாம் கோயிலில் இருந்தபடி, சுமார் 32 கிலோமீட்டர் தள்ளி அகமதாபாத்தில் இருந்த இதய நோயாளிகளுக்கு ஸ்டென்ட் பொருத்தினார்.

கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி 500 கிலோமீட்டரைக் கடக்க, ஒரு செகண்டில் 400-ல் ஒரு பங்கு போதும். ஆக, திண்டுக்கல்லுக்கும் சென்னைக்கும் உள்ள தூரம் ஒரு தூரமே இல்லை. காமிராவும் கம்ப்யூட்டரும் படத்தைச் சுருக்கி விரிப்பதிலும், வழியில் உள்ள நெரிசலிலும்தான் பெரும்பாலும் நேரம் போகிறது.

எவ்வளவு தாமதத்தைக் கை தாங்கும்?

இதை நோயாளியின் உடம்பில் சோதிக்க முடியுமா? கூடாது. அதனால்தான் சிமுலேட்டர், அதாவது பாவனைப் பயிற்சி யந்திரம். 2014-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் மருத்துவ மாணவர்கள் 16 பேர் அதில் ஊசி கோர்த்தார்கள், திசுவைப் பிரித்தார்கள். தாமதத்தை 0-லிருந்து 1000 மில்லி செகண்ட் வரை நூறு நூறு இடைவெளியில் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். 200 வரை நல்லது. 300-ம் பரவாயில்லை. 400, 500-ல் கை களைத்துவிடுகிறது. 800-க்கு மேல்? வேண்டவே வேண்டாம்! எடுத்த நேரம், செய்த தவறு மட்டுமல்ல. 'எவ்வளவு கஷ்டமாக இருந்தது?' என்றும் அவர்களையே கேட்டார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு செல்போன்களில் வீடியோ கால் போட்டு, சத்தத்தை அணைத்துவிடுங்கள். ஒன்றின் காமிரா தட்டைப் பார்க்கட்டும். தட்டு உங்கள் கண்ணில் படாதபடி ஓர் அட்டையால் மறையுங்கள். மற்ற போனின் திரையை மட்டும் பார்த்து, பத்து வேர்க்கடலையை ஸ்பூனால் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுங்கள். நேரடியாகப் பார்த்துச் செய்ததை விட எத்தனை செகண்ட் கூடியது? எத்தனை கடலை கீழே விழுந்தது? எரிச்சல் வந்ததா? சற்று நேரத்தில் நீங்களே 'அசை, நில், பார்' என்று நிதானத்துக்கு வந்துவிடுவீர்கள். தாமதம் ஒரே சீராக இருந்தால் கை பழகிக்கொள்ளும். கூடிக் குறைந்தால்தான் தொல்லை!

வீட்டார் கேட்க வேண்டியவை

முதலில் ஒரு விஷயம். ரோபோ ஆபரேஷன் என்றாலே டாக்டர் வெளியூரில் இருப்பார் என்று நினைக்காதீர்கள். 2022-ல் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தொடங்கிய ரோபோ சிகிச்சை உட்படப் பெரும்பாலானவற்றில் டாக்டர் நோயாளிக்குப் பக்கத்திலேயே இருப்பார். தொலைதூர ஆபரேஷன் என்று சொன்னால் மட்டும் கேளுங்கள்:

1. இணைப்பு அறுந்தால், இங்கேயே கத்தியைக் கையில் எடுக்கத் தயாராக ஒரு சர்ஜன் இருக்கிறாரா?

2. மாற்று இணைப்பு உண்டா? ஆபரேஷனுக்கு முன் தாமதத்தை அளந்து பார்ப்பார்களா?

3. டாக்டர் சிமுலேட்டரில் இந்தத் தாமதத்தோடு பயிற்சி எடுத்திருக்கிறாரா?

கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். பாத்தி முக்கால் நிறையும்போதே குரல் கொடுப்பவர்தான் கெட்டிக்கார விவசாயி!