போனும் ஃபைலும் நர்ஸ் வேலையா?

கேள்வி: எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் கேஸ் மேனேஜராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். நாள் முழுக்க போனும் ஃபைலும்தான். நர்ஸிங் படித்தது வீணா?

பதில்: வீணில்லை. இரைப்பை பைபாஸ் செய்தவருக்குத் தையல் ஆறி ஆண்டுகள் கழித்தும் பி12, இரும்பு, கால்சியம் குறைபாடு தலைகாட்டும். அப்போது அவரை நெருங்க உங்களிடம் இருப்பது போன் மட்டுமே. “சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகுது” என்று இரண்டு வாரமாகச் சொல்பவரை அஜீரணம் என்று விட்டால், பி1 வைட்டமின் வற்றி மூளையே பாதிக்கப்படலாம்; அவரை அன்றே மருத்துவமனைக்கு வரச்சொல்ல நர்ஸின் காது வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய ஐபுபுரூஃபனால் குடலிணைப்பில் புண் வரலாம்; கேட்டால்தான் சொல்வார். நினைவூட்ட ஆப் போதாதா என்பார்கள். மாத்திரை நேரத்தை அது சொல்லும். “போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்பதிலுள்ள தயக்கம் அதற்குக் கேட்காது. டாக்டர் கவனிப்பாரே என்றால், மறுபரிசோதனைக்கே வராதவரை எப்படிக் கவனிப்பார்? காப்பீட்டுப் படிவங்கள் சலிப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் வாந்தி, தள்ளாட்டம், கால் மரத்துப்போதல் மூன்றையும் ஒவ்வொரு அழைப்பிலும் விசாரியுங்கள்.