உங்கள் இணைய தளம் பலரால் படிக்கப்பட வேண்டுமா?

சொந்தமாக இணைய தளம் ஒன்றை அமைப்பது இன்று கடினமான வேலை அல்ல. அமைத்த பின்னர், "யாருமே படிக்கவில்லையே" என்ற கவலைதான் பலருக்கும். நான் மென்பொருள் பொறியாளர். இருந்தும், என் அப்பாவிற்கு அமைத்துத் தந்த தளத்தில் தவறு செய்தேன். அது உங்களுக்குப் பாடமாகட்டும்.

அப்பா ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். பத்தாம் வகுப்புக் கணக்குகளை 40 பாடங்களாக எளிமையாக எழுதி வைத்திருந்தார். அவற்றைத் தளத்தில் ஏற்றிக் கொடுத்தேன். "வட்டம்" என்ற பாடத்தின் முகவரியைப் பழைய மாணவர்களின் வாட்ஸ் அப் குழுவிற்கு அனுப்பினார். சென்றது என்ன தெரியுமா? சதவீதக் குறிகளும் எண்களும் கலந்த நீண்ட வரி. "சார், உங்க போன்ல வைரஸ் வந்துடுச்சா?" என்று ஒரு மாணவர் கேட்டார். அதன் பின் அப்பா எதையும் அனுப்பவில்லை. தேர்வு நெருங்கிக் கொண்டிருந்தது. தவறு எங்கே என்று பார்த்தேன்.

1. முகவரி சுருக்கமாக இருக்கட்டும்: பாடத் தலைப்பையே தமிழில் முகவரியாகத் தந்திருந்தேன். பிரவுசரில் அது தமிழாகத்தான் தெரியும். காப்பி செய்தால் மாறிவிடும். யுனிகோட் முறையில் (யுடிஎப்-8) ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் இடம் பெறும். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியுடன் 3 எழுத்தாக மாறும். "வட்டம்" என்பதில் புள்ளிகளையும் சேர்த்து 6 குறியீடுகள். எனவே ஒரு சொல்லுக்கே 54 எழுத்துக்கள்! முகவரியை மட்டும் சிறிய ஆங்கிலச் சொற்களில் அமைத்திடுங்கள். ஏற்கனவே தந்த முகவரியை மாற்றினால், பழையதைக் கிளிக் செய்பவர் புதிய பக்கத்திற்குச் செல்லும் வகையில் ரீடைரக்ட் அமைக்க மறக்க வேண்டாம்.

2. முன்தோற்றம் கிடைக்கட்டும்: லிங்க் ஒன்றை அனுப்புகையில் சிறிய படமும் தலைப்பும் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு உதவுவது ஓப்பன் கிராப் டேக்குகள். பேஸ்புக் 2010ல் இதனை அறிமுகப்படுத்தியது. வாட்ஸ் அப், டெலிகிராம் போன்றவையும் இவற்றைப் படிக்கின்றன. தலைப்பு, வகை, படம், முகவரி என்ற நான்கும் கட்டாயம். இரண்டு வரி விளக்கத்தையும் சேர்க்கலாம். இவற்றைப் பக்கத்தின் ஹெட் பகுதியில் எழுத வேண்டும். வேர்ட்பிரஸ் பயன்படுத்துவோருக்கு இதற்கென பிளக்-இன்கள் உள்ளன. பேஸ்புக் பரிந்துரைக்கும் படத்தின் அளவு 1200 x 630 பிக்ஸெல். மாற்றிய பின்னும் பேஸ்புக்கில் பழைய படமே தெரிந்தால், அதன் ஷேரிங் டீபக்கர் பக்கத்தில் முகவரியைத் தந்து மீண்டும் படிக்கச் செய்திடலாம்.

3. பக்கத்தின் எடையைக் குறையுங்கள்: அப்பாவின் கைப்பட வரைந்த படங்களை, மொபைலில் எடுத்தபடியே ஏற்றியிருந்தேன். ஒவ்வொன்றும் சில எம்பி. பக்கம் திறக்கும் முன்னரே படிக்க வந்தவர் பொறுமை இழந்துவிடுவார். விண்டோஸ் பெயின்ட் புரோகிராமில் படத்தைத் திறந்து, ரீசைஸ் கிளிக் செய்து, அகலத்தை 1200 பிக்ஸெலுக்குள் கொண்டு வந்தாலே போதும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தோன்ற வேண்டும் என்கிறது கூகுள். அதன் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் தளத்தில் உங்கள் பக்கத்தை இலவசமாகச் சோதிக்கலாம்.

4. அடுத்த பக்கத்திற்கு வழி காட்டுங்கள்: ஒருவர் தளத்தில் திறந்து பார்க்கும் ஒவ்வொரு பக்கமும் ஒரு பேஜ் வியூ. எங்கள் தளத்தில் ஒரு பாடத்தைப் படித்தவர் அதோடு வெளியேறினார். காரணம், பாடம் முடியும் இடத்தில் வேறெதுவும் இல்லை! அந்த இடத்தில் தொடர்புடைய 2 அல்லது 3 லிங்க்குகளைத் தாருங்கள். "இங்கே கிளிக் செய்யவும்" என எழுதாமல், "அடுத்த பாடம்: தொடுகோடு வரைவது எப்படி?" என எழுதுங்கள். 40 தலைப்புகளையும் அடுக்கினால் எதையும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

5. பகிர ஒரு பட்டன் போதும்: பயனுள்ளது என்று தோன்றும் இடம் பாடத்தின் முடிவுதான். பட்டனை அங்கே வையுங்கள். வெளித் தளங்கள் தரும் பட்டன்களை வரிசையாக அடுக்கினால், அவற்றின் ஸ்கிரிப்ட்களும் சேர்ந்து இறங்கிப் பக்கம் மெதுவாகும்.

செய்யக்கூடாதவை: ஒரே கட்டுரையை ஐந்து பக்கங்களாக உடைத்தால் பேஜ் வியூ எண்ணிக்கை உயரும், வாசகர் மீண்டும் வர மாட்டார். "பகிர்ந்தால்தான் படிக்கலாம்" என்று பாப்-அப் காட்டுவதும் அப்படியே. மொபைலில் உள்ளடக்கத்தை மறைக்கும் பாப்-அப்கள் கொண்ட பக்கங்களை, 2017 ஜனவரி முதல் தேடல் முடிவுகளில் பின்னுக்குத் தள்ளும் முறையைக் கூகுள் கொண்டு வந்தது.

இவற்றையெல்லாம் சரி செய்ய எனக்கு இரண்டு விடுமுறை நாட்கள் ஆயின. அப்பா தயங்கித் தயங்கி, மீண்டும் ஒரு பாடத்தை அனுப்பினார். சில வாரங்கள் கழித்து, தன் போனை என்னிடம் நீட்டினார். அவர் வரைந்த வட்டத்தின் படத்துடன் அந்தப் பாடம், அறிமுகமே இல்லாத ஒரு குழுவிலிருந்து சுற்றி, உறவினர் ஒருவர் மூலம் அவருக்கே வந்திருந்தது. "உங்க ஸ்டூடன்ட்ஸ்க்கு உபயோகப்படும் சார்" என்ற குறிப்பும் இருந்தது.

இன்றே உங்கள் தளத்தின் ஒரு பக்கத்தை நண்பருக்கு அனுப்பி, அவர் போனில் அது எப்படித் தோன்றுகிறது என்று பாருங்கள். சரி செய்ய வேண்டியது அங்கேயே தெரிந்துவிடும்.