அரிசி ஆலையில் காற்றழுத்த யந்திர அறை

நாகப்பட்டினம் ஜில்லாவில் அரிசி ஆலை வைத்துள்ள, அல்லது வைக்க உத்தேசிக்கும் நிலச்சொந்தக்காரர்கள், கறுத்த மணிகளைப் பிரிக்கும் ‘கலர் சார்ட்டர்’ யந்திரத்தை வாங்குங்கால் அதன் விலையையும் வேகத்தையும் நன்கு விசாரிக்கின்றனர். அதற்குக் காற்றளிக்கும் கம்ப்ரெஸரையோ, மிச்சமான மூலையில், பல சமயம் நெல் அவிக்கும் கொதிகலனுக்கு அருகிலேயே அடைத்துவிடுகின்றனர். கறுத்த மணியை நல்ல மணியினின்று விலக்குவது அழுத்தப்பட்ட காற்றின் வீச்சேயாகும். அக்காற்றில் நீர் கலந்தால் வால்வுகள் கெட்டு, நல்லரிசியும் கறுப்போடு கழிந்துபோகும்.

கம்ப்ரெஸர் கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் உஷ்ணமாகவே வெளிப்படுகிறது. 10 குதிரைச் சக்தியுள்ளது ஓடும் அறை, 7.5 கிலோவாட் அடுப்பு எரியும் அறைக்கு ஒப்பாகும். அவ்வறை வெளியைவிட 5 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறாதிருக்க, மணிக்குச் சுமார் 4,500 கன மீட்டர் காற்று புகுந்து வெளியேற வேண்டும். ஒரு ஜன்னலைத் திறந்து வைப்பதால் இது நடவாது. வெளியேற்றும் விசிறி அவசியம். உள்ளிழுக்கும் காற்று 4 டிகிரி கூடினால் மின்செலவு நூற்றுக்கு 1 வீதம் ஏறும். அதனினும் பெரிய நஷ்டம், எண்ணெய் விரைவில் கெடுவதும், சித்திரை வெயிலில் யந்திரம் தானே நின்றுவிடுவதுமாம்.

வெயில் குறைந்த வடக்குச் சுவரின் அடியில் காற்று நுழையும் வழியையும், எதிர்ச்சுவரின் உச்சியில் விசிறியையும் அமைக்க. இரண்டும் ஒரே சுவரிலிருந்தால் வெளியேறிய வெப்பமே திரும்ப உட்புகும். கடலோரக் கிராமங்களில் கிழக்கு முகமாய் வழி வைத்தல் நன்றன்று. உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். உமித்தூசியும் தவிட்டுத்தூசியும் வரும் பக்கத்தையும் விலக்குக. யந்திரத்தைச் சுற்றி 3 அடி இடம் விடாவிடில், தூசி படிந்த குளிர்விப்பானைத் துடைக்க ஆள் நுழைய இயலாது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரம் தனியே கவனிக்கத்தக்கது. 30 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 80 ஈரமும் உள்ள காற்றை, நிமிஷத்திற்கு 1 கன மீட்டர் வீதம், 7 பார் அழுத்தத்திற்கு அழுத்திக் குளிர்வித்தால், 8 மணி நேரத்தில் சுமார் 10 லிட்டர் நீர் பிரியும். ஏறக்குறைய ஒரு குடம்! ஆகவே காற்றுத்தொட்டியை வெப்பமான அறைக்கு வெளியே நிழலில் வைத்து, அடிக்குழாயைத் தினமும் திறந்து நீரை வடிக்க, காற்றுலர்த்தியும் வேண்டும்.

தளம், அவ்வூரில் வெள்ளம் ஏறிய மட்டத்திற்கு மேலிருத்தல் வேண்டும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது தகரக் கூரைகள் பல பறந்தன. ஆதலின் விசிறியின் மேல்மூடியையும் கூரைத் தகடுகளையும் போல்ட்டு கொண்டு பிணைத்து, மழைச்சாரல் உட்புகாதபடி சரிந்த பலகைகள் அமைக்க.