இரக்கத்துக்கும் கையுறை வேண்டும்

மாணவர்களே, ஒரு கணக்கோடு தொடங்குவோம். தொலைதூர நாடொன்றில் கொள்ளைநோய் பரவுகிறது. அங்கே ஒரு தொண்டு மருத்துவக் குழு வேலை செய்கிறது. அந்தக் குழுவுக்கு உதவ உங்கள் பள்ளிச் சங்கம் முடிவு செய்கிறது. ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை, தேயிலைத் தோட்டத்து லயங்களில் வீடு வீடாகப் போய்ச் சேகரிக்கிறீர்கள். கையில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. அதில் எதைப் போடுவீர்கள்?

பழைய துணி, பிஸ்கட், காய்ச்சல் மாத்திரை, போர்வை என்று பலரும் சொல்வார்கள். எல்லாமே நல்ல மனத்தோடு சொல்லும் பதில்கள்தான். ஆனால் சரியான பதிலைச் சொல்வதற்கு முன் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘அந்த நோய் எப்படிப் பரவுகிறது?’ நோய் பரவும் வழி தெரிந்தால்தான் உதவும் வழி தெரியும். இந்த வாரப் பாடம் அதுதான்.

யாம்புக்கு மருத்துவமனையில் நடந்தது

1976ஆம் ஆண்டு. ஆப்பிரிக்காவில் அப்போது ஸையர் என்று அழைக்கப்பட்ட நாட்டின் வடபகுதியில் யாம்புக்கு என்ற சிற்றூர். இன்று அந்த நாட்டின் பெயர் காங்கோ ஜனநாயகக் குடியரசு. பெல்ஜியத்திலிருந்து வந்த கத்தோலிக்கக் கன்னியர் அங்கே ஒரு தொண்டு மருத்துவமனை நடத்தினர். சுற்றுவட்டாரத்து மக்களுக்கு அதுவே பெரிய ஆறுதல். கர்ப்பிணிகளும் காய்ச்சல்காரர்களும் நெடுந்தூரம் நடந்து அங்கே வருவார்கள்.

அந்த மருத்துவமனையில் ஊசிகளுக்குத் தட்டுப்பாடு. வெளிநோயாளிகள் பிரிவுக்கு ஒவ்வொரு நாள் காலையிலும் 5 ஊசிகள் கொடுப்பார்கள். அன்றைக்கு வரும் எல்லாருக்கும் அதே 5 ஊசிகள்தான். ஒருவருக்குப் போட்டதும் வெதுவெதுப்பான நீரில் அலசிவிட்டு அடுத்தவருக்குப் போடுவார்கள். ஆகஸ்ட் மாத இறுதியில் காய்ச்சலோடு ஒருவர் வந்தார். மலேரியாவாக இருக்கும் என்று அவருக்கு ஊசி போட்டார்கள். அதன்பின் அங்கே ஊசி போட்டுக்கொண்ட பலருக்கு ஒரு புதிய காய்ச்சல் வந்தது. சிலருக்கு இரத்தப்போக்கும் ஏற்பட்டது. அவர்களைக் கவனித்துக்கொண்ட உறவினர்களுக்கும் அது தொற்றியது.

மொத்தம் 318 பேர் நோயுற்றார்கள். 280 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 88 பேர் என்ற கணக்கு. மருத்துவமனை ஊழியர்கள் 17 பேரில் 11 பேர் மாண்டுபோனார்கள். செப்டம்பர் இறுதியில் மருத்துவமனையை மூட வேண்டியதாயிற்று. ஊசி போடுவது நின்றது. நோய் பரவும் வேகமும் குறைந்தது. அந்தப் புதிய வைரஸுக்கு அப்பகுதியில் ஓடும் ஓர் ஆற்றின் பெயரை வைத்தார்கள். அதுதான் எபோலா.

இதில் அந்தக் கன்னியரைக் குறை சொல்ல வேண்டாம். சேவைக்காகக் கடல் கடந்து வந்தவர்கள் அவர்கள். தங்கள் உயிரையும் கொடுத்தார்கள். ஆனால் நோய்க் கிருமி ஒருவருடைய மனத்தைப் பார்ப்பதில்லை. பொருள் பற்றாக்குறையோடு நடக்கும் மருத்துவத் தொண்டு, நோயைப் பரப்பும் இடமாகவே மாறிவிடக்கூடும். அதனால், முன்வரிசையில் நிற்கும் மருத்துவருக்கும் தாதிக்கும் பின்னால் நின்று தேவையான பொருளைக் கொடுப்பவர்களின் வேலையும் மருத்துவத்தில் ஒரு பாதிதான்.

எபோலா செல்லும் வழி

எபோலா வைரஸ் நூல் போன்ற வடிவம் கொண்டது. அதன் குறுக்களவு சுமார் 80 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். இரத்தம், வாந்தி, வயிற்றுப்போக்கு, வியர்வை போன்ற உடல் திரவங்களில் இந்த வைரஸ் இருக்கும். நம் தோலில் உள்ள கீறல் வழியாகவும், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் ஈரப்படலம் வழியாகவும் உள்ளே நுழையும். நுழைந்த 2 முதல் 21 நாட்களுக்குள் நோய் வெளிப்படும். அறிகுறி தெரியும்வரை அந்த ஆள் மற்றவருக்கு நோயைத் தரமாட்டார்.

நோயாளி இறந்த பிறகும் உடலில் வைரஸ் இருக்கும். இறந்தவரை நீராட்டித் தொட்டு வழியனுப்பும் வழக்கம் மேற்கு ஆப்பிரிக்காவில் உண்டு. நம் வீடுகளிலும் உண்டுதானே? அந்த அன்பான தொடுகையே பல குடும்பங்களில் நோயைக் கொண்டுவந்தது.

இப்போது வழி தெரிந்துவிட்டது. எபோலாவின் பாதையில் மிக முக்கியமான சந்திப்பு, மனிதனின் கை. நோயாளியைத் தொடுவதும் கைதான்; வியர்வை வழியும்போது தன்னையறியாமல் கண்ணைத் துடைப்பதும் அதே கைதான்.

2014: மலேசியா அனுப்பியது என்ன?

2014 மார்ச் மாதம் கினி நாட்டில் எபோலா பரவியிருப்பது உறுதியானது. லைபீரியாவுக்கும் சியரா லியோனுக்கும் அது தாவியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு போன்ற தொண்டு அமைப்புகள் அங்கே சிகிச்சை மையங்களை அமைத்தன. 2016இல் அந்தக் கொள்ளைநோய் முடிவுக்கு வந்தபோது 28,600 பேருக்கு மேல் நோயுற்றிருந்தார்கள். 11,300 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். சுகாதாரப் பணியாளர்களில் மட்டும் 800க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் தொற்றியது. 500க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். ஒரு தாதி இறந்தால், அவர் காப்பாற்றியிருக்கக்கூடிய நோயாளிகளும் கவனிப்பாரின்றிப் போகிறார்கள்.

2014 செப்டம்பரில் மலேசியா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. லைபீரியா, சியரா லியோன், கினி, நைஜீரியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிய 5 நாடுகளுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட மருத்துவ ரப்பர் கையுறைகளை அனுப்புவதாகச் சொன்னது. உலகத்துக்கு மருத்துவக் கையுறை செய்து தருவதில் நம் நாடு முன்னணியில் நிற்கிறது. அங்கே வேண்டியது எதுவோ, அது நம்மிடம் இருந்தது. நல்ல உதவி என்பது இந்த இரண்டும் பொருந்தும் இடம்.

2 கோடி என்பது அளவுக்கு அதிகமாகத் தெரிகிறதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். எபோலா நோயாளியின் அருகே போகும்போது கையுறையை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி அணிவார்கள். ஒருமுறை உள்ளே போனால் 4 கையுறைகள். ஒரு மையத்தில் 40 பணியாளர்கள் நாளுக்கு 3 முறை போவதாக வைத்துக்கொண்டால், 40 × 3 × 4 = 480. ஒரு மாதத்துக்கு 14,400. இதில் நோயாளிக்கு நோயாளி மாற்றும் கையுறைகளைச் சேர்க்கவே இல்லை.

ரப்பர் பால் கையுறையாவது எப்படி?

கேமரன் மலையின் குளிர் தேயிலைக்கு ஏற்றது. ரப்பரோ தாழ்நிலத்து வெப்பத்தில் வளரும் மரம். உங்கள் தாத்தா பாட்டியரில் சிலர் மலையில் கொழுந்து பறித்திருப்பார்கள். சிலர் கீழே பால் மரம் வெட்டியிருப்பார்கள். அந்தப் பாலில் மிதக்கும் ரப்பர் துகள்களைப் புரதப் படலம் மூடியிருக்கிறது. அந்தப் படலத்தில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொள்கின்றன. பால் உறையாமல் இருக்கிறது. அமிலம் சேர்த்தால் அந்த மின்னேற்றம் சமனாகி, துகள்கள் ஒட்டி, பால் உறைந்துவிடும். அமோனியா சேர்த்தால் உறையாது. இதை வேதியியல் வகுப்பில் படிப்பீர்கள்.

கையுறைத் தொழிற்சாலையிலும் இதே தத்துவம்தான். கை வடிவப் பீங்கான் அச்சை முதலில் கால்சியம் உப்புக் கரைசலில் முக்குவார்கள். பிறகு ரப்பர் பாலில் முக்குவார்கள். கால்சியத்தின் நேர்மின்னேற்றம் துகள்களை அச்சின் மீது உறையவைக்கும். பாலில் கலந்த கந்தகம், சூடேற்றும்போது ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளுக்கு இடையே பாலம் போடும். அதனால்தான் கையுறை இழுத்தாலும் கிழியாமல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இயற்கை ரப்பர் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால், நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரிலும் கையுறை செய்கிறார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் மருந்து தெளிப்பவர்கள் அணியும் தடித்த கையுறையைப் பார்த்திருப்பீர்கள். எபோலா மையங்களிலும் துப்புரவு செய்வோரும் உடலை அடக்கம் செய்வோரும் அத்தகைய தடித்த கையுறையைத்தான் அணிவார்கள். ஆனால் நரம்பைத் தேடி ஊசி போடும் தாதிக்கு மெல்லிய கையுறைதான் உதவும். கையுறை என்று சொன்னால் மட்டும் போதாது. யாருடைய கைக்கு என்பதையும் சொல்ல வேண்டும்.

கையுறையோடு வேலை முடிவதில்லை

கையுறை அணிந்தவரின் உடை முழுவதும் நீர் புகாத உடை. நம் உடல் குளிர வேண்டுமென்றால் வியர்வை ஆவியாக வேண்டும். காற்றுப் புகாத உடைக்குள் வியர்வை ஆவியாகாது. மேற்கு ஆப்பிரிக்க வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த உடையில் நிற்பது கடினம். ஆகவே பணியாளர்கள் மாறி மாறி உள்ளே போக வேண்டும். ஆள் எண்ணிக்கையும் உடையின் எண்ணிக்கையும் இதனால் கூடுகின்றன.

வெளியே வந்ததும் குளோரின் கரைசல். கையுறைக்கும் தரைக்கும் 0.5 விழுக்காடு, வெறுங்கையைக் கழுவ 0.05 விழுக்காடு. முதல் கரைசல் ஒரு பங்கோடு 9 பங்கு தண்ணீர் சேர்த்தால் இரண்டாவது கிடைக்கும். கலப்பவர் அளவைத் தவறவிட்டால் கிருமி சாகாது, அல்லது தோல் வெந்துபோகும். ஒரு வாளி தண்ணீரில் உயிர் போகும் கணக்கு இருக்கிறது.

2015இல் கினியில் ஒரு தடுப்பூசியைச் சோதித்தார்கள். நோயாளியோடு பழகியவர்களையும், அவர்களோடு பழகியவர்களையும் தேடிப்பிடித்து ஒரு வளையம்போல் ஊசி போட்டார்கள். நல்ல பலன் தந்தது. ஆனால் அந்தத் தடுப்பூசியை மைனஸ் 60 டிகிரி செல்சியஸுக்கும் கீழே வைத்திருக்க வேண்டும். கேமரன் மலையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் இரவின் குளிர் சுமார் 15 டிகிரிதான். வீட்டுப் பனிப்பெட்டியின் உறைபகுதியே ஏறக்குறைய மைனஸ் 18. மின்சாரமில்லாத ஊருக்கு அந்தக் குளிரைச் சுமந்து போனவர்களும் மருத்துவப் பணியில் சேர்ந்தவர்களே.

அட்டைப்பெட்டிக்குத் திரும்புவோம்

நோய் மாறினால் பெட்டியும் மாறும். காலரா தண்ணீர் வழியே வரும். அங்கே குளோரினும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் வேண்டும். மலேரியா கொசு வழியே வரும். அங்கே கொசுவலை வேண்டும். 2017 இறுதியில் வங்காளதேசத்தின் காக்ஸ் பஜாரில், ரோஹிங்யா அகதிகள் முகாம்களில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. அதே டிசம்பரில் மலேசியா அங்கே ஒரு கள மருத்துவமனையைத் திறந்தது. தொண்டை அடைப்பான் இருமல், தும்மல் துளிகளால் பரவும். அதற்குத் தடுப்பூசியும், நச்சுமுறி மருந்தும், முகக்கவசமும் தேவை. நச்சுமுறி மருந்து இரத்தத்தில் சுற்றும் நச்சைத்தான் பிடிக்கும்; உயிரணுவுக்குள் போய்விட்ட நச்சை ஒன்றும் செய்யாது. எனவே அது தாமதமின்றிக் கிடைக்க வேண்டும்.

கேட்காத பொருள் போய்ச் சேர்ந்தால், அதைப் பிரித்து அடுக்கவே பணியாளர்களின் நேரம் போகும். நன்கொடையாகத் தரும் மருந்துக்கு, அந்த நாட்டை அடைந்த பிறகும் குறைந்தது ஓர் ஆண்டு ஆயுள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி சொன்னது. வீட்டு அலமாரியில் மிஞ்சிய மாத்திரை யாருக்கும் ஆகாது. பள்ளி மாணவர்கள் செய்யக்கூடிய சிறந்த உதவி பெரும்பாலும் பணம்தான். 1999இல் தொடங்கிய மெர்சி மலேசியா போன்ற அமைப்பிடம் கொடுத்தால், அன்றைய தேவை எதுவோ அதை வாங்குவார்கள். 50 சென் சிறிது என்று நினைக்க வேண்டாம். 1976இல் யாம்புக்குவில் இல்லாமல் போனது, இன்று சில காசுகளுக்குக் கிடைக்கும் ஒரு புது ஊசி.

செய்து பாருங்கள்

1. மெல்லிய கையுறை ஒன்றில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுங்கள். 2 நிமிடம் கவனியுங்கள். சொட்டினால் அதில் ஓட்டை உண்டு. தொழிற்சாலைகளில் செய்யும் சோதனையும் இதுவே.

2. கையுறை அணிந்து, மஞ்சள் தூளைக் குழைத்து வெளிப்பக்கம் தடவுங்கள். தோலில் ஒரு புள்ளி மஞ்சள்கூடப் படாமல் இரண்டையும் கழற்றுங்கள். மஞ்சள் பட்ட இடமெல்லாம் எபோலா என்று நினைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் நைட்ரைல் கையுறையைப் பயன்படுத்துங்கள்.

3. கடைசி நோயாளி குணமடைந்த பிறகு 42 நாட்கள் புதிய நோயாளி இல்லையென்றால்தான் எபோலா ஒழிந்தது என்று அறிவிப்பார்கள். 20 பேருக்கு நோய் கண்ட நைஜீரியா, 2014 அக்டோபர் 20இல் அப்படி விடுபட்டது. ஏன் 42? விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. கண்டுபிடித்து உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.