சென்டரை வெளியே நிறுத்தலாமா?

கேள்வி: எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் சென்டர் நல்ல உயரம். இப்போது பயிற்சியில் த்ரீ பாயின்டும் சரளமாகப் போடுகிறான். ஆனால் மேட்சில் வெளியே நிறுத்தினால், "ரிங்குக்குக் கீழே இருக்க வேண்டியவனை வீணாக்குகிறீர்கள்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?
— ஒரு பயிற்சியாளர்

பதில்: தாராளமாக வெளியே நிறுத்துங்கள். ஆனால் அவன் எத்தனை பந்தைப் போட்டான் என்று மட்டும் பார்க்காதீர்கள். அவனைத் தடுக்க வேண்டிய எதிரணி சென்டர் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். லாபம் அங்கேதான் இருக்கிறது.

என்பிஏ சென்டர் புரூக் லோபஸ் ஏழடி உயரம். முதல் எட்டு சீசன்களில் அவர் போட்ட த்ரீ மொத்தமே மூன்று. 2016-17 சீசனில் மட்டும் 134 போட்டார். 2018-ல் மில்வாக்கி பக்ஸுக்கு வந்ததும் 187. அங்கே பயிற்சியாளர் மைக் புடன்ஹோல்சர், பயிற்சித் தளத்தில் த்ரீ பாயின்ட் கோட்டுக்கு வெளியே ஐந்து இடங்களில் நீல டேப்பால் கட்டம் ஒட்டிவைத்தார். லோபஸ் பல சமயம் கோட்டுக்கும் சில அடி பின்னால் போய் நிற்பார். அவரை விட்டுவிட்டு உள்ளே ஓடினால் எதிரணி சென்டரால் சட்டென்று திரும்பி வர முடியாது. வெளியே வந்து நின்றாலோ, சக வீரர் யானிஸ் அன்டெடோகும்போ ஆளில்லாத பெயின்டுக்குள் புகுந்து டங்க் அடித்துவிடுவார். அந்த சீசனில் யானிஸுக்கு எம்விபி விருது. அணியின் வெற்றிகள் 44-லிருந்து 60 ஆயின. எல்லாமே லோபஸால் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யானிஸுக்கு அந்த வழியைத் திறந்துவிட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

புள்ளிக் கணக்கிலும் லாபம் உண்டு: நூறு த்ரீயில் 36 விழுந்தால் 108 புள்ளி. இரண்டு புள்ளி ஷாட்டில் அதை எடுக்க 54 விழ வேண்டும்.

ஒரு வித்தியாசத்தை மறந்துவிடாதீர்கள். என்பிஏவில் யாரையும் நெருங்கித் தடுக்காத டிஃபெண்டர் பெயின்டில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. நாம் ஆடும் ஃபிபா விதியில் அந்தத் தடை இல்லை. எதிரணி சென்டர் ரிங்கடியிலேயே நின்றுகொண்டு, "போட்டுக்கோ" என்று உங்கள் பையனை விட்டுவிடலாம். அதனால் காலியாகக் கிடைக்கும் முதல் இரண்டு மூன்று பந்துகளை அவன் தயங்காமல் ஷூட் செய்ய வேண்டும். தவறினாலும் திட்டாதீர்கள். அவன் தயங்க ஆரம்பித்தால் எதிரணி சென்டர் ரிங்கடியை விட்டு நகரவே மாட்டான்.

சும்மா ஓரத்தில் நிறுத்துவதைவிட, கார்டுக்கு ஸ்க்ரீன் கொடுத்துவிட்டு உள்ளே ஓடாமல் வெளியே விலகச் சொல்லுங்கள். கார்டைத் தடுக்க எதிரணி சென்டர் உதவிக்குப் போகும் அந்த நொடியில் பாஸ் வர வேண்டும். பாஸ் வரும்போதே கால் ஊன்றி, கை தயாராக இருக்கட்டும். ரீபவுண்டுக்கு ஒரு ஃபார்வர்டை உள்ளே அனுப்பிவிடுங்கள்.

போஸ்ட் பயிற்சியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். 2021-ல் கிழக்குப் பிரிவு இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் யானிஸ் காயத்தால் ஆடவில்லை. அன்று அட்லாண்டாவுக்கு எதிராக லோபஸ் எடுத்தது 33 புள்ளி, பெரும்பாலும் ரிங்கை ஒட்டியே. குட்டையான ஆளை உங்கள் சென்டர்மேல் போட்டார்கள் என்றால், உடனே அவனை உள்ளே கூப்பிடுங்கள்.