குறைந்த செலவில் நிறைந்த ஒளி

ஒளிப்படக் கலைக்கு உயிர் ஒளியே. பகலில் கதிரவன் நமக்குத் துணை நிற்கிறான். இரவிலும், வீட்டின் உள்ளறையிலும் படம் எடுக்க விரும்பினால் ஃபிளாஷ் விளக்கின் உதவியை நாட வேண்டியுள்ளது. ஆனால் காமிராவின் தலையில் அமர்ந்து நேராக வீசும் ஃபிளாஷ் முகத்தைத் தட்டையாக்கிவிடுகிறது. பின்சுவரில் கரிய நிழலையும் பதிக்கிறது. அதே விளக்கைக் கழற்றி, சற்று உயரத்தில், ஒரு பக்கமாக வைத்துப் பாருங்கள். மூக்கும் கன்னமும் முகவாயும் தத்தம் வடிவத்துடன் விளங்கும். எனவே, பொழுதுபோக்காகப் படம் எடுப்போர் ஆற்றல் மிக்க விளக்குக்காகப் பணம் செலவிடுவதைவிட, விளக்கை வேண்டிய இடத்தில் வைக்கும் வசதிக்காகச் செலவிடுவதே அறிவுடைமை. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஃபிளாஷ் வளர்ந்த கதை

1887ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மக்னீசியம் கலந்த ஒளித்தூள் உருவாக்கப்பட்டது. அமெரிக்கச் செய்தியாளர் ஜேக்கப் ரீஸ் இத்தகைய தூளை எரித்து, நியூயார்க் நகரத்து ஏழைகளின் இருண்ட குடியிருப்புகளைப் படம் பிடித்தார். 1890இல் அவை நூலாக வெளிவந்து, செல்வர் பலரின் கண்களைத் திறந்தன. பின்னர், ஒரு முறை மட்டுமே எரியும் ஃபிளாஷ் பல்பு வந்தது. 1931 முதல் ஹெரால்டு எட்ஜெர்ட்டன் என்னும் பொறியியல் அறிஞர் மீண்டும் மீண்டும் ஒளிரும் மின்னணு ஃபிளாஷை வளர்த்தெடுத்தார். பால்துளி விழுந்து கிரீடம் போல் எழும் அவருடைய 1957ஆம் ஆண்டுப் படம் உலகப் புகழ் பெற்றது. இன்று நம் கையில் அடங்கும் ஃபிளாஷும் அதே முறையில்தான் இயங்குகிறது. மின்தேக்கியில் சேர்ந்த மின்சாரம் செனான் வாயு நிரம்பிய குழாயின் வழியே ஒரு நொடிப் பொழுதில் பாய்ந்து ஒளியாகிறது.

வாங்க வேண்டியவை

தொடங்குவோருக்கு ஐந்து பொருள்கள் போதும். முதலாவது, ஒளியின் அளவைக் கையால் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு ஃபிளாஷ். இரண்டாவது, காமிராவின் மேல் பொருத்தி, தொலைவிலுள்ள ஃபிளாஷை இயக்கும் ரேடியோ டிரிக்கர். மூன்றாவது, ஒரு ஸ்டாண்டும், குடையைப் பிடிக்கும் பிராக்கெட்டும். நான்காவது, ஒளி ஊடுருவும் வெள்ளைக் குடை. ஐந்தாவது, மீண்டும் மின்னேற்றக்கூடிய பாட்டரிகள் இரண்டு தொகுதி. காமிரா நிறுவனங்களின் உயர்வகை ஃபிளாஷ் ஒன்றின் விலைக்குள் இவை அனைத்தையும் வாங்கிவிடலாம்.

கோடாக்ஸ் டிடி600, யாங்நுவோ ஒய்என்560 நான்காம் வகை போன்ற ஃபிளாஷ்களுக்குள்ளேயே ரேடியோ வாங்கி அமைந்துள்ளது. ஆகவே தனி வாங்கிக்குச் செலவில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் டிரிக்கர் மற்றொரு நிறுவனத்தின் ஃபிளாஷை இயக்காது. முதல் ஃபிளாஷ் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ, அடுத்ததும் அக்குடும்பத்திலேயே அமைவது நன்று. மேலும், விலை குறைந்த சில காமிராக்களில் ஃபிளாஷ் பொருத்தும் இடத்தின் நடுமுனை இருப்பதில்லை. அவற்றுக்கு எல்லா டிரிக்கரும் பொருந்தா. கடைக்குச் செல்லும்போது காமிராவையும் உடன் எடுத்துச் சென்று, எரியவிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

எண்ணைக் கண்டு மயங்காதீர்

ஃபிளாஷின் ஆற்றலை வழிகாட்டி எண்ணால் குறிப்பர். ஐஎஸ்ஓ 100இல் அவ்வெண் 40 எனில், அதனை 5 மீட்டரால் வகுத்தால் 8 கிடைக்கும். அதுவே லென்சின் துளை அளவு. பெட்டியின் மேல் 60 என்று அச்சிட்டிருந்தால் உடனே மகிழ வேண்டாம். டிடி600 ஃபிளாஷின் 60 என்னும் எண், ஒளியை 200 மி.மீ. நிலையில் குறுக்கிக் குவித்தபோது பெற்றது. ஒளியை விரித்தால் எண் குறையும். இரண்டு ஃபிளாஷ்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே நிலையில் ஒப்பிட வேண்டும்.

நாம் அறிவியல் பாடத்தில் படிக்கும் எதிர் இருபடி விதி இங்கே நம் பணப்பைக்கு உதவுகிறது. 2 மீட்டர் தொலைவிலுள்ள விளக்கை 1 மீட்டருக்குக் கொண்டுவந்தால் ஒளி நான்கு மடங்காகிறது. இதற்கு ஒரு காசும் செலவில்லை! அருகிலிருக்கும் குடை முகத்திற்குப் பெரிதாகத் தோன்றுவதால் நிழலும் மென்மையாகிறது. எதிர்ப்பக்கத்தில் ஒரு தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் மேலும் தெளியும்.

பழைய ஃபிளாஷில் கவனம்

இலவசமாகக் கிடைக்கும் பழைய ஃபிளாஷ் சில வேளை காமிராவுக்கே எமனாகிவிடும். என் மாமா தம் காமிராவை எனக்குப் பழகத் தந்துள்ளார். மூடிவிட்ட ஸ்டூடியோ ஒன்றின் ஃபிளாஷை ஒருவர் எங்களுக்கு அன்புடன் அளித்தார். மாமா உடனே அதைக் காமிராவில் பொருத்தவில்லை. ஃபிளாஷ் மின்னேறிய பின், அதன் அடிப்பாகத்து நடுமுனைக்கும் ஓரத்து உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து அளந்தார். 200 வோல்ட்டுக்கு மேல் காட்டியது! சில டிஜிட்டல் காமிராக்களுக்கு 6 வோல்ட்டே எல்லை. அதைப் பொருத்தியிருந்தால் காமிராவின் மின்சுற்று பழுதாகியிருக்கலாம். அந்த ஃபிளாஷையும் நாங்கள் வீணாக்கவில்லை. அந்த மின்னழுத்தத்தைத் தாங்கும் ஸ்லேவ் கண் ஒன்றை அதில் பொருத்தினோம். மற்றொரு ஃபிளாஷின் ஒளியைக் கண்டதும் அது தானே எரிகிறது. காமிராவுடன் அதற்குத் தொடர்பே இல்லை.

பழையதை விலைக்கு வாங்கினால், பாட்டரி அறையில் பச்சைக் களிம்பு உள்ளதா, குழாய் கருத்துள்ளதா, அடிப்பாகம் விரிசல் கண்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். பாட்டரியை எடுத்த பின்னும் மின்தேக்கியில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். ஆதலால் ஃபிளாஷை ஒருபோதும் திறக்கக் கூடாது. கண்களுக்கு மிக அருகில் வைத்து எரிக்கவும் கூடாது.

முடிவுரை

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது பழமொழி. நம் பெற்றோர் உழைத்துச் சேர்த்த பணத்தை, பிறர் வைத்திருக்கிறார்கள் என்பதற்காகச் செலவிடுவது தகாது. முதலில் ஒரு ஃபிளாஷ். அதை முற்றிலும் பழகிய பிறகே இரண்டாவது.

தோழியரே, நம் வீடுகளில் ஒரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். பெரியவர் ஒருவர் மறைந்ததும் அவருடைய படத்தைத் தேடி அலைகிறோம். கடைசியில் ஏதோ அடையாள அட்டையின் சிறிய படத்தைப் பெரிதாக்கி, மங்கலான அந்த முகத்துக்கு மாலையிடுகிறோம். அவர் வாழ்ந்த முகம் அதுவன்று. நம் தாத்தாவும் பாட்டியும் நம்முடன் இருக்கும்போதே, ஒரு மாலை வேளையில் அவர்களை நாற்காலியில் அமர்த்தி, பக்கத்தில் குடையை விரித்து, அவர்கள் சிரிக்கும்போது ஒரு படம் எடுத்து வைப்போம். அதற்கு வேண்டிய ஒளி ஒரு சிறிய ஃபிளாஷிலேயே உள்ளது.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு