ஆவாரை: செடியை அறிதலும் வளர்த்தலும்

செங்கல்பட்டு ஜில்லாவில் சித்திரை, வைகாசி மாதங்களில் ஏரிகள் வற்றிப் புல் கருகிய பின்னும், சரளை மேடுகளிலும் பாதையோரங்களிலும் பசுமை மாறாமல் மஞ்சள் மலர் தாங்கி நிற்பது ஆவாரையாகும். நீரும் எருவும் வேண்டாத இச்செடியை நம்மவர் தானே முளைப்பதென்று எண்ணிப் பேணாது விட்டனர். மேட்டு நிலங்கள் மனைகளாக மாறுகின்றன. எஞ்சிய செடிகளிலும் பூக்கள் ஒன்றுவிடாமல் பறிக்கப்படுகின்றன. காய்க்க விடாத செடிக்கு அடுத்த தலைமுறை ஏது? ஆகவே இதனை விதைத்து வளர்க்கும் முறையை விவசாயிகள் அறிதல் அவசியம்.

முற்காலத்தில் சென்னை ராஜதானியின் தோல் பதனிடும் தொழில் ஆவாரம் பட்டையையே பெரிதும் நம்பியிருந்தது. 1903-ஆம் ஆண்டில் ஆல்பிரட் சாட்டர்டன் துரை சென்னையில் குரோம் முறையைத் தொடங்கினார். பின்னர் அம்முறையும், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டையும் ஆவாரையின் இடத்தைப் பெற்றன. குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டை இந்த ஜில்லாவிலேயே உள்ளது.

செடியை அறியும் விதம்

ஆவாரை பல கிளைகளுடன் ஓர் ஆள் உயரமோ சற்று மிகுதியாகவோ வளரும் புதர்ச்செடி. இலைக்காம்பில் 8 முதல் 12 ஜோடிச் சிற்றிலைகள் இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே ஒரு சிறு சுரப்பி காணப்படும். காம்பின் அடியில் காது மடல் போன்ற அகன்ற இலையடிச் செதில்கள் இரண்டு உண்டு. இதுவே தவறாத அடையாளம். பூவிலுள்ள பத்துக் கேசரங்களில் மேல் மூன்றும் மலடானவை. பூவில் தேன் இல்லை. மகரந்தத்திற்காகவே தச்சு வண்டுகள் வருகின்றன. காய் தட்டையாய், காகிதம் போல் மெல்லியதாய் இருக்கும்.

பேயாவாரையை இதனுடன் குழப்புதல் கூடாது. அதற்குச் சிற்றிலைகள் 3 முதல் 5 ஜோடிகளே. நுனி கூர்மையாகவும், கசக்கினால் துர்நாற்றமாகவும் இருக்கும். அதன் விதைகளைத் தின்ற குழந்தைகள் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டு இறந்ததை வட இந்தியாவில் வைத்தியர்கள் கண்டறிந்துள்ளனர். தகரைக்குச் சிற்றிலை மூன்று ஜோடி. காய் நீண்டு ஒடுங்கியது. பூவையோ விதையையோ விலைக்குக் கொடுப்போர் இவ்வேறுபாடுகளை நன்கு கவனிக்க வேண்டும்.

நிலமும் விதைப்பும்

வெயில் நன்கு படும் செம்மண், சரளை நிலங்கள் இதற்கு ஏற்றவை. மர நிழலும் தேங்கும் நீரும் ஆகா. மாமல்லபுரத்தை அடுத்த கடலோரத்தின் பெயரும் மணலில் அடம்புக்கொடியே மணலைப் பிடிக்கும். அதற்கு உட்புறமாக மண் நிலைத்த மேட்டிலேயே ஆவாரையை விதைக்கலாம். ஏரிக்கரையின் மீது புதர் வளர்த்தல் கரைக்குத் தீங்காதலால், அங்கு விதைத்தல் கூடாது.

நன்றாகப் பழுத்து உலர்ந்த காய்களிலிருந்து விதை எடுக்க வேண்டும். விதைத்தோல் கடினமானது. கொதிக்க வைத்து இறக்கிய வெந்நீரை விதையின்மேல் ஊற்றி, அந்நீரிலேயே ஓர் இரவு ஊறவிடுக. காலையில் உப்பிய விதைகளைப் பொறுக்கி விதைக்க வேண்டும். உப்பாதவற்றை மீண்டும் அவ்வாறே ஊறவைக்கலாம். புரட்டாசி மழையில் மண் நனைந்ததும், ஓர் ஆள் உயரத்திற்குக் குறையாத இடைவெளி விட்டுக் குழிக்கு மூன்று விதை ஊன்றி, முளைத்தபின் நல்ல செடி ஒன்றை மட்டும் நிறுத்துக. நாற்றைப் பிடுங்கி நடுவதைவிட நேரே ஊன்றுதலே சிறந்தது. முதல் ஆண்டில் களை எடுத்தால் போதும். ஆடுமாடுகள் இதனை அவ்வளவாக மேய்வதில்லை.

வெட்டும் முறையும் பயனும்

இரண்டு மூன்று ஆண்டுகள் சென்ற செடியை வேரோடு பிடுங்காமல் அடியில் ஒரு சாண் விட்டு வெட்டினால் மீண்டும் தழைக்கும். தழையை நஞ்சையில் மிதித்து உரமாக்கலாம். ஆனால் அவரை இனத்தைச் சேர்ந்ததாயினும் இதன் வேரில் முடிச்சுகள் இல்லை. கொழிஞ்சியைப் போல் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்காது. இதை அறிந்து கொழிஞ்சிக்குப் பதிலாக அன்றி, கொழிஞ்சி வராத மேட்டிற்கே ஆவாரையைக் கொள்ளுதல் நன்று. பூவை நிழலில் உலர்த்துக. இலங்கையின் வறண்ட பகுதிகளில் இதனைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் உண்டு. நோய்க்கு மருந்தாகக் கொள்வோர் வைத்தியரைக் கேட்டே கொள்ள வேண்டும்.

நிலமுடையோர் தம் வரப்போர மேட்டில் பத்துக் குழியேனும் ஊன்றுவாராக. பூப்பறிப்போர் செடிக்கு நான்கில் ஒரு பங்கு பூவையேனும் காய்க்க விடும்படி கிராம அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும் புறம்போக்கு நிலங்களில் ஏற்பாடு செய்தல் வேண்டும். செலவில்லாத இக்காரியத்தை இந்தப் புரட்டாசியில் தொடங்கினால், கோடையில் வெறுமையாய்க் கிடக்கும் மேடுகள் சில ஆண்டுகளில் மீண்டும் பொன்னிறம் பூணும்.